மூணு சிலிண்டர் மாப்ளைக்கு மாமன் சொல்றது

மாப்ள, உன்ற புதுக் காருக்கு மூணு சிலிண்டர்னு இந்த ஊர்ல யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லிப்போடாத. கோயமுத்தூர்ல ஆபீஸ் பசங்ககிட்டச் சொல்லிக்க. முன்னால 'டர்போ'ன்னு சேத்துக்கிட்டா அவங்க புருவம் தன்னால மேல ஏறும். இங்க மூணு சிலிண்டர்னா நம்ம கட்டுத்தறிக்குப் பக்கத்துல நிக்கற மாசி பெர்குசன் 1035 டிராக்டர்தான். அதுக்கும் மூணுதான். 2400 சிசி, 36 குதிரை. உன்றதுக்கு 999 சிசி, 115 குதிரை. கணக்குப் பாத்தா நீதான் செயிச்ச. ஆனா டிராக்டர் வாங்குன கடன டிராக்டரே உழுது கட்டிப்போடுச்சு. உன்ற கார்க் கடன நீதான் உழுது கட்டோணும்.

மூணுன்னா எளப்பம்னு நா சொல்ல வரல. 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800-க்கும் மூணு சிலிண்டர்தான், 796 சிசி. இந்தச் சீமையில டாக்டரு, வக்கீலு, மில்லு மேனேஜரு எல்லாம் அதுலதான் கால மடக்கி உக்காந்து போனாங்க. இஞ்சின் 'ஸ்மூத்தா' இல்லையேன்னு ஒருத்தரும் மூக்கச் சுளிச்சதில்ல. சாவியத் திருப்புனா கெளம்புச்சா, ஏறு போலாம், அவ்வளவுதான். அதுக்கும் முந்தி அம்பாசிடரு. நாலு சிலிண்டர், 1489 சிசி. உன்றதுல ஒண்ணரை மடங்கு இஞ்சின், குதிரை மட்டும் பாதிக்கும் கம்மி. அதுல கலியாணத்துக்குப் போறப்ப எத்தன பேரு ஏறுனோம்னு சொன்னா ஆர்டிஓ இப்பவும் கேசு போடுவான்.

உன்றது ஸ்லாவியாவா விர்ட்டஸான்னு நா இங்க சொல்லப் போறதில்ல. ரெண்டும் 2022-ல வந்ததுதான், ரெண்டையும் புனே பக்கம் சாக்கன்ல ஒட்டுக்காத்தான் செய்யறாங்க, மூக்கும் முத்திரையும் வேற, உள்ள இஞ்சின் அதேதான். ஒண்ணு பேரச் சொன்னா மத்தத வாங்குனவன் கோவிச்சுக்குவான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்ப அந்தக் கம்பெனிக்காரங்க இந்த மாதிரிக் காருக்கு இருந்த டீசல் இஞ்சினத் தலமுழுகிட்டு, இந்தச் சின்னப் பெட்ரோலக் கையில குடுத்தாங்க. ஞாயம் இல்லாமயும் இல்ல. ஒரு சிலிண்டர் கொறஞ்சா உள்ள ஒரசற சாமானம் கொறையும், கனம் கொறையும், சும்மா போறப்ப எண்ணெய் கம்மியாக் குடிக்கும். தெம்பு வேணுங்கறப்ப டர்போ பாத்துக்கும். காயிதத்துல நெம்ப நல்ல ஏற்பாடு.

வரி கட்டறப்பத்தான் கூத்தே. சர்க்காரு கணக்குல சின்னக் காருன்னா ரெண்டு இருக்கோணும்: பெட்ரோல் இஞ்சின் 1200 சிசிக்குள்ள, நீளம் நாலு மீட்டருக்குள்ள. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அந்தச் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, மத்தப் பெட்ரோல் காருக்கு 40. உன்ற இஞ்சின் பொட்டாட்டப் பாஸாகிப்போகும். ஆனா காரு நாலரை மீட்டர். டேப்பப் போட்டவன் 40-ங்கறான். இஞ்சின் சின்னது, வரி பெரிசு. ஹூண்டாய்க்காரன் இத முந்தியே மோப்பம் புடிச்சு, 2020-ல ஆரான்னு ஒண்ணு உட்டான். மெட்ராசு பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செஞ்சது. 998 சிசி, மூணு சிலிண்டர் டர்போ, நூறு குதிரை. நீளம் 3995 மில்லி, வரிக்காரன் கோட்டுக்கு அஞ்சு மில்லி இந்தப்பக்கம். என்ன புத்தி பாரு! இருந்தும் ஆரா இன்னைக்கும் விக்குது, அந்த டர்போ இஞ்சின் மட்டும் அதுல இல்ல. உனக்கு ஜிஎஸ்டியோட முடிஞ்சுதா? 2023 நவம்பர்ல இருந்து பத்து லட்சத்துக்கு மேல, இருபதுக்குள்ள இருக்கற காருக்கு நம்ம மாநிலத்துல ஆயுள் வரி 18 விழுக்காடு. காரோட ஆயுசுக்குத்தான் வரி. கட்டறப்ப உன்ற ஆயுசு கொறையறது தனி.

போன நோம்பிக்கு வந்தப்ப வாசல்ல காரு நின்னுக்கிட்டே 'டுர்ர்ர்'னு நடுங்குதுன்னு மொகத்தத் தொங்கப் போட்ட இல்ல? கேட்டுக்க. நாலு சிலிண்டர்ல ரெண்டு மேல போறப்ப ரெண்டு கீழ வரும், ஒண்ணோட ஆட்டத்த ஒண்ணு அடக்கிப்போடும். மூணுல அந்தச் சோடி சேராது. இந்த முனைக்கும் அந்த முனைக்குமா இஞ்சின் தலையாட்டும். முக்காலி எந்தத் தரையில வெச்சாலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும்னு நம்ம தச்சாசாரி சொல்லுவாரு. இஞ்சினுக்கு மட்டும் ஆண்டவன் அத மாத்தி எழுதிப்போட்டான். கம்பெனிக்காரன் ரப்பர் மவுண்ட் வெச்சு முடிஞ்ச வரைக்கும் அமுக்கி வெச்சிருக்கறான். வேகம் புடிச்சா அடங்கிப்போகும். காலையில குளுர்ல கொஞ்ச நேரமும், சிக்னல்ல நிக்கறப்பயும் சீட்டுல துளி தெரியும். தெரிஞ்சா தெரியட்டும். அதுக்காகப் போயி ஆயிரக் கணக்குல செலவழிச்சு எதையும் மாத்தாத. மூணு சிலிண்டர் வாங்கிட்டு நாலு சிலிண்டர் சொகம் கேட்டா எப்பிடி? இதே காருல ஒண்ணரை லிட்டர் இஞ்சினும் இருக்குது, நாலு சிலிண்டரு. அதுல சும்மா போறப்ப ரெண்டு சிலிண்டர் தானாத் தூங்கிப்போகும். வேலையில்லாதப்ப தூங்கறதுக்கு அதுல இன்னும் கூடக் காசு வாங்கறாங்க. நம்ம பண்ணயத்துல தூங்கற ஆளுக்கு யாரு கூலி குடுத்தது?

இப்ப டர்போ சமாச்சாரம். உன்ற காருக்குள்ள ரெண்டு காரு இருக்குது, மாப்ள. இஞ்சின் நிமிசத்துக்கு 1750 சுத்துக்குக் கீழ இருக்கறது ஒண்ணு, மேல இருக்கறது ஒண்ணு. பொகை வெளிய போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும், அதே அச்சுல இருக்கற இன்னொரு சக்கரம் காத்த உள்ள அமுக்கும். பொகை போதாதப்ப சக்கரத்துக்குச் சத்து வராது. சத்து வந்துட்டா நிமிசத்துக்கு ஒண்ணரை லட்சம் சுத்துக்கும் மேல போகும். உன்ற இஞ்சினுக்கு 178 நியூட்டன் மீட்டர் இழுவன்னு பீத்திக்கறயே, அது 1750-க்கு மேலதான். அதுக்குக் கீழ இருக்கறது பொறந்த ஊட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி. ஒரு வேலையும் நடக்காது.

அட, ஒரு உவமையோட நிறுத்திக்கோணும்னு நெனச்சேன், நாக்கு கேக்கல. வேலைக்கு வரேன். ஊருக்குள்ள வேகத்தடையில மூணாவது கியர்லயே ஊர்ந்துட்டு, ஏறி எறங்குனதும் மிதிக்கற. ஒண்ணும் நடக்கறதில்ல. இன்னும் மிதிக்கற. அப்பறம் ஒரேயடியாப் பாயுது, முன்னால போற மொபட்டுக்காரன் திரும்பிப் பாத்துத் திட்டறான். காரு மேல தப்பில்ல, ஒரு கியர் கீழ எறக்கிட்டு மிதி. இது சொகத்துக்குச் சொல்றதில்ல. சுத்து கம்மியா இருக்கறப்ப பெரிய கியரப் போட்டு முழுசா மிதிச்சா, இந்த மாதிரிச் சின்ன டர்போ இஞ்சின்ல பொறி வர்றதுக்கு முந்தியே உள்ள தானா வெடிக்கற கோளாறு ஒண்ணு உண்டு. அடிக்கடி நடந்தா பிஸ்டனே ஒடஞ்சுபோகும். ஆயில் கம்பெனிக்காரங்க இந்தக் கோளாறுக்குன்னே ஆயிலோட தரத்த மாத்துனாங்க. இப்ப டின்னு மேல 'ஏபிஐ எஸ்பி'ன்னு போட்டிருக்கறது 2020-ல வந்த தரம். அதனால ஆயில் கொறஞ்சுதுன்னா, நம்ம மோட்டார் ரூம்ல இருக்கற டிராக்டர் ஆயில் டின்னத் தூக்காத. சிலிண்டர் எண்ணிக்க ஒண்ணாங்கறதுக்காக ஆயிலும் ஒண்ணாயிருமா? புக்குல என்ன போட்டிருக்குதோ அதுதான்.

மைலேஜுக்கு வர்றேன். இதுலதான் உன்ற சாமர்த்தியம் எனக்கு நெம்பப் புடிச்சுது. கூட்டாளிங்ககிட்ட 'பிக்கப்'பப் பத்திப் பேசற: காங்கயம் ரோட்டுல லாரியத் தாண்டுனேன், பஸ்ஸத் தாண்டுனேன். உன்ற மாமனாருகிட்ட மைலேஜப் பத்திப் பேசற: லிட்டருக்கு இருபது குடுக்குது. ரெண்டும் நெசந்தான். ஒரே நாள்ல நெசமில்ல. 999 சிசிங்கறது டர்போ சும்மா இருக்கறப்பத்தான். காத்த அமுக்கி உள்ள தள்ளுனா அதுக்குத் தக்கன பெட்ரோலும் ஊத்தியாகோணும், அது யாரும் மாத்த முடியாத கணக்கு. நீ மிதிச்சா அது பெரிய இஞ்சினா மாறுது, பெரிய இஞ்சின் குடிக்கறதக் குடிக்குது. காட்டுனதக் காசாக் கேக்குது. பைபாஸ்ல எண்பது தொண்ணூறுல பொட்டாட்டப் போனா பதினெட்டு, இருபது வரும். அவிநாசி ரோட்டுச் சாயங்கால நெரிசல்ல பத்து வந்தாலே அவிநாசியப்பனுக்கு ஒரு கும்புடு போடு.

அந்தக் காயிதத்து இருபது எப்பிடி வந்துச்சுன்னு தெரியுமா? ரோட்டுல ஓட்டி வந்ததில்ல. ஒரு ரூமுக்குள்ள உருளைக மேல காரை நிறுத்தி, ஏசிய அணைச்சு, 90-க்கு மேல போகாம அளந்தது. அங்க பின்னால ஆரன் அடிக்கறவனில்ல, குறுக்க ஓடற ஆடில்ல, பின் சீட்டுல இருந்து 'ஏசிய இன்னும் கொஞ்சம் வையி'ங்கற உங்கம்மா இல்ல. உங்கம்மா என்ற கூடப் பொறந்தவதான், இருந்தாலும் நெசத்தச் சொல்லோணும்.

இதுல எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல மைலேஜ் போச்சுன்னு என்றகிட்டயே வந்து பொலம்பற. இருபது விழுக்காடு எத்தனால்ங்கறது இப்ப நாடு பூராவும் வந்துருச்சு. பெட்ரோலோட பாத்தா எத்தனால்ல சூடு மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் கொறையறது வாஸ்தவம். ஆனா அந்த எத்தனால் எதுல இருந்து வருதுன்னு யோசிச்சயா? கரும்புல இருந்து, அரிசியில இருந்து, மக்காச்சோளத்துல இருந்து. நம்ம மேக்காட்டுல என்ன வெள்ளாம? இத்தன நாளும் மக்காச்சோளத்துக்குக் கோழிப்பண்ணைக்காரன் ஒருத்தன் சொல்றதுதான் வெலையா இருந்துச்சு. இப்பக் கேக்கறதுக்கு இன்னொரு ஆளும் வந்திருக்கறான். உனக்குக் கொறஞ்ச ஒரு கிலோமீட்டர எனக்கு மொய்யா வெச்சதா நெனச்சுக்க. பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எந்தப் பெட்ரோல்னு ஒட்டியிருக்கும், அதப் படிச்சுக்க, அது போதும்.

வேகமா வந்து நின்னதும் சாவிய அணைச்சுட்டு எறங்கி ஓடாத. டர்போ மேல படற பொகை தொள்ளாயிரம் டிகிரியத் தொடும். நெம்ப மிதிச்சு வந்தயின்னா கடசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வா, இல்லயின்னா நின்னதும் ஒரு நிமிசம் ஓட உட்டு அணை. அந்த நேரத்துல செல்லுல என்னத்தயாச்சும் நோண்டிக்க, அது உனக்குக் கைவந்த கலதான? ஊருக்குள்ளயே சும்மா சும்மா ஓட்டுனா இதுக்கு அவசியமில்ல. சில காருல சிக்னல்ல நின்னா இஞ்சின் தானா அணையற வேல ஒண்ணு வெச்சிருக்கறாங்க. காந்திபுரம் சிக்னல்ல சித்திரை வெயில்ல அது அணைஞ்சா ஏசியும் காத்தாடியா மாறிப்போகும், மறுபடி கெளம்பறப்ப மூணு சிலிண்டரும் ஒரு தடவ ஒடம்ப ஒதறும். அத நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்குது. ஏறுனதும் அத அமுக்கறதுதான் அந்தக் காரு வெச்சிருக்கறவங்க பாதிப் பேரோட பிள்ளையார் சுழி.

கோயமுத்தூர்ல எவனோ கம்ப்யூட்டர சொருகி இன்னும் இருபத்தஞ்சு குதிரை ஏத்தித் தர்றேங்கறானாமா. ரீமேப்பாமா. குதிரை வரும், நா இல்லீங்கல. கூடவே கிளச்சு தேயும், கியர்பாக்ஸ் நோகும், கம்பெனி வாரண்டி காத்தோட போகும். இருக்கற 115-ல எத்தனய ஊருக்குள்ள உபயோகப்படுத்தற? லாயத்துல நிக்கற குதிரைக்கே புல்லு போட முடியாதவன் எதுக்குடா சந்தைக்குப் போறான்? அந்தக் காசுல நல்ல டயர் நாலு போடு. ரோட்டத் தொடறது அதுதான்.

மலை ஏர்றப்ப மட்டும் உன்ற கார நா மெச்சறேன். ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், அங்க காத்து லேசு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த ஒசரத்துல தெம்பு அஞ்சுல ஒரு பங்குக்குப் பக்கமாக் கொறையும். உன்றது காத்த அமுக்கி உள்ள போடறதால அந்தக் கொறையப் பெரும்பாலும் நெரப்பிக்கும். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டாவது கியரப் போட்டுச் சுத்த 1750-க்குக் கீழ உடாமப் பாத்துக்க, தானா இழுத்துட்டுப் போகும். மூணாவதுலயே ஏத்தறேன்னு வீம்பு புடிச்சா வளைவுல காரு மொனகும், பின்னால வர்ற பஸ்ஸு டிரைவர் ஆரன்லயே உன்ற பரம்பரையப் பேசுவான். எறங்கறப்ப அதே கியர்ல எறங்கு. பிரேக்கு நாத்தம் கீழ செக்போஸ்ட்டு வரைக்கும் வரோணும்னு சட்டமில்ல.

ஒடம்பு கெட்டியான காருங்கறதையும் சொல்லிப்போடறேன். 2023-ல குளோபல் என்கேப்புக்காரங்க இடிச்சுப் பாத்து ரெண்டு காருக்கும் அஞ்சு ஸ்டார் குடுத்தாங்க, பெரியவங்களுக்கும் அஞ்சு, கொழந்தைங்களுக்கும் அஞ்சு. ஆனா பின் சீட்டுல பெல்ட்டு போட்டிருந்தாத்தான் அந்த ஸ்டாரு. உங்கம்மா 'சேலை கசங்குது'ன்னு அவுத்து உட்டா ஸ்டாரும் சேந்து அவுந்துரும்.

டிக்கி 521 லிட்டர். இத்தனாம் பெரிய டிக்கிய வெச்சுக்கிட்டு நெலத்துல இருந்து ஒசரம் 179 மில்லிதான், அதும் ஆளில்லாம நிக்கறப்ப. அஞ்சு ஒறம்பரைய ஏத்தி, டிக்கியில ரெண்டு மூட்டை அரிசியும் போட்டா அந்த 179 என்னாகும்னு நம்ம இட்டேரி மேட்டக் கேளு, சொல்லும். போன தடவ 'டர்ர்'னு ஒரு சத்தம் வந்துச்சே, அப்ப நீ ரேடியோச் சத்தத்தக் கூட்டுனத நா பாத்தேன். மழ பேஞ்ச பொறவு இட்டேரிக்குள்ளயே வராத. ரோட்டு மேலயே நிறுத்து, நா வண்டியோட வந்து சாமானத்த எடுத்துக்கறேன். எந்த வண்டின்னு கேக்காத. அதே மூணு சிலிண்டருதான்.

காரு நல்ல காருதான், மாப்ள. பிக்கப்பா மைலேஜான்னு வெடியாலயே முடிவு பண்ணிட்டுக் கெளம்பு. மாசத்துக்கு ஒருக்கா ஆயில் குச்சிய இழுத்துப் பாரு. சர்வீசுக்கு உடறப்ப அவன் நீட்டற பட்டியல்ல இருக்கற அத்தனைக்கும் தலையாட்டாத, புக்குல இருக்கறத மட்டும் பண்ணச் சொல்லு. அப்பறம், போறப்ப டிக்கியில கொஞ்சம் தேங்காயப் பையில கட்டாம அப்பிடியே போட்டிருக்கறேன். பல்லடம் தாண்டி 'கடகட'ன்னு சத்தம் கேட்டா இஞ்சின்னு நெனச்சுட்டு சர்வீசுக்குப் போயிராத.